மூணாங்கல் இல்லத்தில் எட்டுக் கட்டில்

மங்கை அந்த முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போனபோது யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனால் தரையைக் கழுவி வைப்பார்கள், கிழவர்களுக்கு வெள்ளை வேட்டி கட்டி உட்கார வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் வார்டு உதவியாளராக இருந்தவள். ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில் அங்கே இவளே கழுவியிருக்கிறாள், இவளே கட்டிவிட்டிருக்கிறாள்.

திண்டிவனம் சாலையில், செஞ்சியைத் தாண்டி மூன்றாவது கல் பக்கத்தில் இருப்பதால் அது மூணாங்கல் இல்லம். வாசல் போர்டில் வேறு ஏதோ நீளமான பெயர் இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. வைகாசி வெயிலில் எதிரே பாறைக்குன்று கொதித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் ரங்கநாதன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

“ஆபீஸ் ரூம்ல ஒக்காருங்கம்மா. ஃபேன் போடறன். ஃபார்ம் தர்றன், படிச்சிப் பாருங்க.”

“ஃபார்ம் அப்பறம் சார். மொதல்ல கக்கூஸக் காட்டுங்க.”

ரங்கநாதன் இவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கூட்டிப்போனார். மங்கை ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாக ஊற்றி, அது வடிகிறவரை நின்று பார்த்தாள். சுவரில் பதித்திருந்த பிடிகம்பியைத் தன் முழு எடையையும் போட்டு இழுத்தாள். கதவை உள்ளே தாழிட்டு, வெளியிலிருந்து திறக்க முடிகிறதா என்று அவரையே திறக்கச் சொன்னாள். மாத்திரை டப்பாவை எடுத்துத் தேதி பார்த்தாள். சமையலறையில் சாம்பாரைக் கரண்டியால் அடிவரைக்கும் கலக்கிப் பார்த்தாள். பெண்கள் பக்கம் போய் நான்கு கிழவிகளின் கையைப் பிடித்துப் பேசுகிற சாக்கில் நகம் பார்த்தாள். ஆண்கள் கூடத்தில் எட்டுக் கட்டில். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்ச் சொம்பு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஜன்னல் ஓரக் கட்டில் மட்டும் காலி. அதன் தலைமாட்டில் தொங்கிய அழைப்புமணியை அமுக்கிவிட்டு மனதுக்குள் எண்ணினாள். பதினாறு எண்ணுவதற்குள் ஓர் ஆள் ஓடி வந்தான்.

“ஆரு அமுக்குனது?”

“நான்தாண்ணா. நீங்கதான் ஆம்பளைங்கள பாத்துக்கறதா?”

“ஆமாம்மா. பேரு கன்னியப்பன். கமிட்டில முப்பது வருசம் மூட்ட தூக்குனவன்.” நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் ஏலம் போகிற விற்பனைக்கூடத்தைச் செஞ்சியில் கமிட்டி என்றுதான் சொல்வார்கள். “மூட்டைக்கும் இவங்களுக்கும் ஒரே வித்தியாசம்தான். மூட்ட திட்டாது.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த பீமாராவ் என்கிற பெரியவர் பொக்கை வாயோடு சிரித்தார். “மூட்டைய இவன் கீழ போட்டுட்டா ஒண்ணும் ஆவாது. என்னப் போட்டா கேஸ் ஆயிடும். அதையும் சொல்லுடா.”

“நடக்க முடியாதவங்கள எத்தன நேரத்துக்கு ஒருவாட்டி பொரட்டுவீங்க?” மங்கை விடவில்லை.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி. சீட்டுல டிக் போட்டுடுவன். முதுகுக்குப் பவுடர் போட்டுடுவன். நீ இந்த வேலைல இருந்தவளாம்மா? கேள்வி அப்பிடி இருக்குது.”

வீட்டுக்கு வந்து புருஷனிடம், “நைனாவ அங்க சேக்கலாம். நல்லா இருக்குது,” என்றாள். அரிகிருஷ்ணன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. டயர் பஞ்சர் கடை வைத்திருப்பவன். ஆஸ்பத்திரி, மருந்து, மாத்திரை என்றால் அந்தக் குடும்பத்தில் மங்கை சொல்வதுதான். தளவானூரில் இருக்கிற பெரியப்பா வீடுவரைக்கும் ரத்த ரிசல்ட்டைத் தூக்கிக்கொண்டு இவளிடம்தான் வருவார்கள்.

அரிகிருஷ்ணனின் நைனா வீராசாமிக்கு மாசியில் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சாய்ந்தார். தளவானூரிலிருந்து செஞ்சிக்குத் தூக்கி வந்து, மகனின் வாடகை வீட்டு முன்னறையில் கட்டில் போட்டார்கள். மாமியார் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. பகலில் அரிகிருஷ்ணன் கடையில். வீட்டில் மங்கை.

அவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. புதுச்சேரியில் முன்பின் தெரியாத எத்தனையோ ஆண்களைத் துடைத்திருக்கிறாள், மாற்றிவிட்டிருக்கிறாள். ஆனால் வீராசாமி மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினேழு வருடமாக நேருக்கு நேர் பேசியதுமில்லை. “தண்ணி ஒரு சொம்பு கெடைச்சா தேவல,” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அவள் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுப்பார். அவளும் அவர் எதிரில் உட்கார்ந்ததில்லை. அதில் கோபமோ வெறுப்போ எதுவும் கிடையாது. மரியாதை அப்படித்தான் இருந்தது. அவர் வயல்காட்டில் கோவணத்தோடு நிற்கும்போது இவள் கஞ்சி கொண்டுபோனால், தூரத்திலேயே ஒரு தடவை இருமுவாள். அவர் வேட்டியைச் சுற்றிக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் ஈரத்தில் கிடந்தார். காலையில் மகன் மாற்றிவிட்டுப் போனால் இரவு அவன் வருகிறவரை அப்படியே. மங்கை ஒருநாள் துணியும் வெந்நீருமாக வாசல்படியில் வந்து நின்றாள். “மாமா, நான் ஆஸ்பத்திரில செஞ்ச வேலதான்,” என்றாள். அவர் இடது கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்து முஷ்டியில் பிடித்துக்கொண்டார். அன்று இரவு மகனிடம் சொன்னார்.

“என்ன எங்கியாவது கொண்டுபோய் சேத்துடுடா. மருமவ கையால தொடச்சிக்கற நெலம எனக்கு வோணாம்.”

“இன்னா நைனா பேசற. அவளுக்கு இது பழக்கம்தான்.”

“அவளுக்குப் பழக்கம். எனக்கு?”

அதனால்தான் மூணாங்கல்.

மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. கன்னியப்பன் அவரைச் சக்கர நாற்காலியில் வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்து, கமிட்டி விலை சொல்வான். அந்த வருடம் எந்த வியாபாரி யாரை ஏமாற்றினான் என்று இரண்டு பேரும் பேசித் தீர்ப்பார்கள். வீராசாமிக்கு முகத்தில் சதைகூட வைத்தது. வருகைப் பதிவேட்டில் கருத்து எழுதும் இடத்தில் மங்கை, ‘நன்றாகக் கவனிக்கிறார்கள். சுத்தமாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரங்கநாதன் அதைப் புதிதாக வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். “ஆஸ்பத்திரில வேல செஞ்ச அம்மா எழுதுனது, பாருங்க.”

ஆவணியில் கன்னியப்பன் பெங்களூரில் இருக்கிற மகள் பிரசவத்துக்குப் போனான். அங்கேயே ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலை கிடைத்துத் தங்கிவிட்டான். ரங்கநாதன் ஆள் தேடினார். மூட்டை தூக்கக் கூப்பிட்டால் வருகிறவன் கிழவனைத் துடைக்கக் கூப்பிட்டால் வருவதில்லை. பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மகாலட்சுமியையே இந்தப் பக்கமும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மங்கை கேட்கத்தான் செய்தாள். “கன்னியப்பண்ணன் எங்க?”

“ஊருக்குப் போயிருக்கான். வந்துடுவான். மகாலட்சுமி பாத்துக்கறா, நல்ல பொண்ணு.”

கட்டிலின் கால்மாட்டில் சீட்டு தொங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக டிக் போட்டிருந்தது. எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. மை ஒரே இடத்தில் மங்கி ஒரே இடத்தில் தெளிந்திருந்தது. உட்கார்ந்து ஒரே மூச்சில் போட்ட டிக் எப்படி இருக்கும் என்று மங்கைக்குத் தெரியாதா? புதுச்சேரியில் இரவு வேலையில் முப்பது படுக்கைக்கு ஓர் ஆளாக இருந்தபோது, விடிகிற நேரத்தில் அவளும் அப்படிப் போட்டிருக்கிறாள். அதனால்தான் ஒரு நாள் அந்த வேலையே வேண்டாம் என்று வந்துவிட்டாள். சீட்டைப் பார்த்தாள். ‘ஆள் பற்றாக்குறை, ஒன்றிரண்டு தவறியிருக்கும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைத் திருப்பித் தொங்கவிட்டாள்.

புரட்டாசியில் கூடத்துக்குள் ஊதுபத்தி வாசம் அதிகமாக இருந்தது. சனிக்கிழமை என்பதால் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தாள். வீராசாமி சக்கர நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். மழைக் குளிர் என்று நினைத்தாள். அரிகிருஷ்ணன் வாரம் ஒரு தடவை வந்து நைனாவுக்கு முகம் மழிப்பான், கை நகம் வெட்டுவான், பத்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசுவான். மருத்துவ விஷயம் மங்கை பார்த்துக்கொள்வாள் என்று அவன் இருந்தான். உடம்பைப் பார்ப்பது மகன் வேலை, அவன் பார்த்திருப்பான் என்று அவள் இருந்தாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. அரிகிருஷ்ணன் ஒரு லாரி டயரோடு மாட்டிக்கொண்டதால் மங்கை தனியாகக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் எடுத்துக்கொண்டு போனாள். வீராசாமி இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். கண் குழி விழுந்திருந்தது. களியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மழைக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். அடைத்த அறையில் ஊதுபத்தியை மீறிக்கொண்டு அந்த நாற்றம் வந்தது. இந்தத் தடவை அது என்ன என்று அவளால் தெரியாததுபோல இருக்க முடியவில்லை. கெட்டுப்போன சதைக்கு ஒரு நாற்றம் உண்டு. ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது.

“மாமா. கொஞ்சம் திரும்பிப் படுங்க.”

அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். “அவன் வரலியா?”

“வேல இருக்குது. முதுகுல எங்கியாவது வலிக்குதா?”

“அவன வரச் சொன்னா தேவல.”

“நான் பாக்கறன் மாமா. ஒரு நிமிசம்.”

இடது கை போர்வையை முஷ்டியில் பிடித்துக்கொண்டது. அந்தக் கையில் பலமே இல்லை. ஒரு விரலால் விலக்கியிருக்கலாம். மங்கை வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று புருஷனுக்கு போன் போட்டாள்.

“ஒடனே வாங்க. நைனாவ பாக்கணும்.”

“இன்னாடி ஆச்சு? மூச்சு கீச்சு திணறுதா?”

“அதெல்லாம் இல்ல. முதுகப் பாக்கணும்.”

“நீதான் அங்க இருக்கிற, நீ பாரு. டிரைவரு தலைமேல நிக்கிறான்.”

“என்னப் பாக்க வுட மாட்டன்றாரு.”

டிரைவரிடம் ஏதோ சொல்வது கேட்டது. “சரி இரு. வர்றன்.”

அவன் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை மங்கை தாழ்வாரத்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே குன்று தெரியவில்லை. இதெல்லாம் வாரக்கணக்கில் ஆனது, ஒன்றரை மணி நேரத்தால் ஒன்றும் கெட்டிருக்காது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அது டாக்டர் கணக்கு.

அரிகிருஷ்ணன் நனைந்தபடி உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் வெளியே ஓடி வந்து சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, “நீ போய்ப் பாரு,” என்றான். அவன் சொன்ன பிறகுதான் அவள் போனாள். வீராசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். முதுகு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. சுற்றிலும் கறுத்திருந்தது.

ஆம்புலன்ஸ் வருகிறவரை மங்கை மகாலட்சுமியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்கா, மனுசிதானா நீ? இது ஒரு நாள்ல ஆனதா? சீட்டுல டிக் போட்டுக்கினு கெடக்கிறியே, கையி கூசல?”

மகாலட்சுமி கையில் இருந்த மலப் பீங்கானைக் கீழே வைத்தாள். நாற்பது வயதுக்காரி. அவளும் மழையில் நனைந்துதான் இருந்தாள், கொடித் துணி எடுத்து.

“பொரட்டப் போனேன். போவலன்னு நெனைக்காத. கிட்டப் போனாலே அந்தக் கையால ஓங்கி அடிக்கிறாரு. ‘பொம்பள கை படக் கூடாது, போடி’ன்றாரு. இங்க பாரு.” தோள்பட்டையில் ரவிக்கையை விலக்கிக் காட்டினாள். பழைய காயம் மஞ்சளாகியிருந்தது. “அப்பறம் வுட்டுட்டேன். எனக்கு அந்தப் பக்கம் பதினோரு பேரு, இந்தப் பக்கம் எட்டு பேரு. அடி வாங்கிக்கினு பொரட்டறதுக்கு எனக்கு ஒடம்புல தெம்பு இல்ல.”

“மேனேஜராண்ட சொல்லி இருக்கலாமே. எங்களாண்ட சொல்லி இருக்கலாமே.”

“மேனேஜராண்ட சொன்னேன். ஆள் வருது வருதுன்னாரு. ஒங்க வூட்டுக்காரராண்ட எப்பிடிச் சொல்றது? ஒங்கப்பா என்ன அடிக்கிறாருன்னா?” குரல் ஏறியது. “நீ இன்னா பெரிசா கேக்க வந்துட்ட? ஆஸ்பத்திரில வேல செஞ்சவதான நீ? மொத நாளு கக்கூஸுல தண்ணி ஊத்திப் பாத்தியே, கம்பியப் புடிச்சி இழுத்தியே. ஒங்க மாமனார் போர்வைய ஒருவாட்டி தூக்கிப் பாத்தியா?”

மகாலட்சுமி பீங்கானை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய்விட்டாள். அங்கே யாரோ மணியை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அங்கே நர்ஸ் பெண்கள் தினமும் கட்டுப் பிரித்துக் கட்டினார்கள். வீராசாமி ஒருவரையும் அடிக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மங்கையே நர்சுக்குக் கூட நின்று பிடித்துக்கொடுத்தாள், துடைத்தாள், மாற்றினாள். அவர் எதிர்க்கவில்லை. சம்மதித்தார் என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. எதிர்க்கிற நிலையில் அவர் இல்லை, அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தபோது, கூரையைப் பார்த்து, “கமிட்டில மல்லாட்ட இன்னா வெலையோ,” என்றார். மங்கை போனில் விசாரித்து விலையைச் சொன்னாள். “மட்டம்தான்,” என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

கருமகாரியம் முடிந்த மறுவாரம், நைனாவின் பெட்டியையும் சக்கர நாற்காலியையும் எடுத்துவர இருவரும் மூணாங்கல்லுக்குப் போனார்கள். அரிகிருஷ்ணன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினான்.

“கலெக்டருக்கு எழுதப்போறன். மனு ரெடி பண்ணிட்டன். அந்த ரங்கநாதன சும்மா வுடப் போறது இல்ல.”

“எழுதுங்க.”

“ஆளே இல்லாம எட்டுக் கட்டில் போட்டு நடத்தறான். அந்தப் பொம்பளைய கூட உள்ள தூக்கிப் போடணும்.”

“அவளப் பத்தி எழுதும்போது நம்மளப் பத்தியும் எழுதுங்க. வாரா வாரம் வந்தம், பாக்கல.”

“இன்னாடி பேசற? நம்ம மேலயே நாம எழுதறதா? எந்த ஊருல நடக்கும்?”

“அப்ப என் பேர மட்டும் போடுங்க. ‘நல்லா இருக்குது’ன்னு வந்து சொன்னது நான்தான.”

அவன் வண்டியை ஓரம் கட்டினான். திரும்பிப் பார்க்காமலே பேசினான். “அவரு எனக்கு நைனாடி. மழிக்கும்போது தாடையப் புடிச்சித் திருப்புனன். போர்வைய ஒரு சாண் கீழ எறக்கி இருந்தா தெரிஞ்சிருக்கும். வெக்கம் அவருக்கு மட்டுமா இருந்துது?” வண்டியை மறுபடி கிளப்பினான்.

ரங்கநாதன் இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். புது ஆள் சொல்லியிருப்பதாகவும் அடுத்த ஒன்றாம் தேதி வந்துவிடுவான் என்றும் ஆரம்பித்தார். அரிகிருஷ்ணன் சத்தம் போடத் தொடங்கினான். மங்கை அங்கே நிற்கவில்லை. ஆண்கள் கூடத்துக்குள் போனாள்.

ஜன்னல் ஓரக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். மற்ற ஏழு கட்டிலிலும் ஆள் இருந்தது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் கட்டிலில் இருந்த கோதண்டராமன் என்கிற பெரியவரிடம் போனாள். மேல்சித்தாமூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர்.

“அய்யா, கொஞ்சம் திரும்புங்க. முதுகப் பாக்கணும்.”

“நீ யாரும்மா? வீராசாமி மருமவ இல்ல?”

“ஆமா. திரும்புங்க.”

“வேணாம்மா. நல்லா இருக்கறன். அதெல்லாம் நீ பாக்கக் கூடாது.”

“அப்பிடித்தான் அவரும் சொன்னாரு.”

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மங்கை ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்துப் புரட்டினாள். வேட்டியை இறக்கினாள். வால் எலும்பின் மேல் பழைய ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். எடுத்த பிறகும் சிவப்பு மாறவில்லை. தோல் இன்னும் உடையவில்லை.

கதவருகில் மகாலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“அக்கா, தலகாணி ஒண்ணு எடுத்தா. முதுகுக்கு அண்ட குடுக்கணும். இவர மல்லாக்கப் போடாத.”

மகாலட்சுமி எடுத்து வந்தாள். இரண்டு பேருமாக அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

“என்னையுமா?” என்றார் பீமாராவ். “எனக்குக் கூச்சம் அதிகம்மா. சிரிச்சிடுவன்.”

“சிரிங்க.”

ரங்கநாதன் கூடத்து வாசலுக்கு வந்துவிட்டார். “ஏம்மா, இன்னா பண்றீங்க? கேஸ் குடுக்கறதுன்னா குடுங்க. உள்ள பூந்து ஆளுங்களத் தொடறதுக்கு ஒங்களுக்கு யாரு பர்மிசன் குடுத்தது?”

மங்கை திரும்பவில்லை. “அதையும் மனுவுல சேத்துக்கறம் சார்,” என்று சொல்லிவிட்டு மூன்றாவது கட்டிலுக்கு நகர்ந்தாள். ஒருவர் முனகினார். ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டட்டும் என்று மகாலட்சுமி அவர் கையை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டாள். ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்குக் குதிகாலில் கொப்புளம். ஏழாவது ஆள் தூக்கத்திலேயே இருந்தார். புரட்டியது அவருக்குத் தெரியவே தெரியாது.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு மங்கை கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு பேருக்கும் சேர்த்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.